அறிக்கையில் தெரியாத நோவு

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு கோப்பு இருக்கிறது. உம்மாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளும் எக்ஸ்ரே படங்களும் இரண்டு வருடங்களாக அதில் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே முடிவுதான்: குறைபாடு எதுவும் இல்லை. உம்மாவுக்கோ கழுத்திலிருந்து கால்வரை நோவு. விடிய எழும்பும்போதே களைப்பு. அடுப்பில் வைத்ததை மறந்துவிடுவார். சொல்ல வந்த சொல் நாவில் வராது.

உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நான் ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன்: "ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தானே இருக்கு. பிறகு ஏன் உம்மா எந்நேரமும் படுத்திருக்கிறீங்க?" உம்மா பதில் பேசவில்லை. எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார்.

சில மாதங்களின் பின் வாதநோய் நிபுணர் ஒருவர் அந்த நோவுக்குப் பெயர் சொன்னார்: பைப்ரோமயால்ஜியா. அவர் விளக்கியபோதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது.

இந்த நோயில் மூட்டு தேய்வதில்லை, தசை அழிவதில்லை. மூளையும் நரம்புகளும் வலியைக் கையாளும் முறையே மாறிவிடுகிறது. வானொலியின் சத்தத்தை யாரோ உச்சத்துக்குக் கூட்டி வைத்ததுபோல, சிறு தொடுகையும் பெரும் வலியாக உணரப்படுகிறது. இதைக் காட்டித்தரும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. தைரொயிட் குறைபாடு, முடக்குவாதம் போன்றவை இல்லையென உறுதிசெய்யவே அத்தனை பரிசோதனைகளும்.

1990இல் அமெரிக்க வாதநோயியல் கல்லூரி, உடலின் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11இல் வலித்தால் இந்நோய் எனக் கொள்ளும் முறையை வகுத்தது. 2010இல் அது மாறியது. வலி எத்தனை இடங்களில் பரவியுள்ளது, தூக்கம், களைப்பு, ஞாபகம் எப்படி, இவை மூன்று மாதமாவது நீடித்தனவா என்று இப்போது கேட்கிறார்கள். பெண்களிடமே இது அதிகம் கண்டறியப்படுகிறது. எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கும் வரலாம்.

முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் வலியைக் குறைத்து வாழலாம். 2016இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டல், எல்லாச் சிகிச்சைகளிலும் உடற்பயிற்சியையே வலுவாகப் பரிந்துரைத்தது. உம்மா முதலில் ஐந்து நிமிடமே நடந்தார். இப்போது இருபது நிமிடம் நடக்கிறார். சுகமான நாளில் முழு வீட்டையும் துப்புரவாக்கிவிட்டு மூன்று நாள் படுக்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டார். வேலையைப் பங்கிட்டு, இடையிடையே ஓய்வெடுக்கிறார். தினமும் ஒரே நேரத்தில் உறங்கப் போகிறார்.

வைத்தியர் தந்த மாத்திரையை "அது மனநோய்க்குரியது" என்று சிலர் பயமுறுத்தினார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் குறைந்த அளவில் வலியையும் தணித்துத் தூக்கத்தையும் சீராக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. வைத்தியரைக் கேட்காமல் அவற்றைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

அன்பான தோழியரே, பெற்றோரே! வீட்டில் ஒருவர் நோகிறது என்றால் முதலில் நம்புங்கள். "சோம்பல்", "நடிப்பு" என்ற சொற்கள் மனதை நெருக்கும். அந்த நெருக்கடி வலியையும் கூட்டும்.

இப்போது, "இண்டைக்கு ஏலாது மகள்" என்று உம்மா சொன்னால் நான் ஏன் என்று கேட்பதில்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தேங்காய் துருவ உட்காருகிறேன்.