தொடையிடுக்கில் கட்டும் நெறி

சொல்லக் கூசும் நோயொன்றைப் பற்றி இம்மாதம் எழுதத் துணிந்தோம். பெண்டிரும் பிள்ளைகளும் படிக்கும் பத்திரிகையில் இதுவும் வேண்டுமா என்று நேயர் சிலர் முகஞ் சுளிக்கலாம். வேண்டும் என்றே கருதுகிறோம். மும்பையில் நம் குடியிருப்பிலேயே ஒருவர் ஆண்குறியில் தோன்றிய புண்ணை எட்டு மாதம் மறைத்து வைத்திருந்தார். ஊரை விட்டு வந்து ஒற்றை அறையில் வாழ்பவருக்கு வாய்விட்டுச் சொல்ல அண்ணன் தம்பி யாருமில்லை. தொடையிடுக்கில் நெறி கட்டியபோதும், அதிகம் நடந்ததனால் வந்தது என்றெண்ணிப் பற்றுப் போட்டுக் கொண்டார்.

ஆண்குறிப் புற்று மனம்போன போக்கில் பரவுவதில்லை. பெரும்பாலும் முதலில் தொடையிடுக்கிலுள்ள நிணநீர்க் கணுக்களை அடைகிறது. பின்னரே இடுப்புக் குழியிலுள்ள கணுக்களுக்கும் பிற உறுப்புகளுக்கும் செல்கிறது. ரயில்வேக்காரர் பாஷையில் சொன்னால், இது மெயில் வண்டியன்று. ஸ்டேஷன்தோறும் நின்று செல்லும் பாசஞ்சர். முதல் ஸ்டேஷனிலேயே மடக்கிவிட்டால் பிழைப்பவர் பலர். இடுப்புக் குழியை எட்டிவிட்டாலோ நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே கணுக்களில் புற்று உண்டா, ஒரு பக்கமா, இரு பக்கமா, எத்தனை கணுக்களில், கணுவின் உறையைக் கடந்துவிட்டதா என்று அறிந்தே நோயின் படியை டாக்டர்கள் நிர்ணயிக்கிறார்கள்.

புண்ணில் சீழ் பிடித்தாலும் நெறி கட்டும். ஆதலால் கையில் தட்டுப்படும் வீக்கமெல்லாம் புற்றன்று. மெல்லிய ஊசியால் அணுக்களை உறிஞ்சியெடுத்துச் சோதித்துப் பார்ப்பர். இதற்கு நேர்மாறான செய்திதான் நம்மைத் திகைக்க வைத்தது. விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படாதவர்களுள்ளும் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் கணுவினுள்ளே புற்று ஒளிந்திருக்கிறது! ஸ்கான் படத்திலும் அது தெரியாமற் போகலாம். எல்லோருக்கும் கணுக்களை அறுத்தெடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் தையல் பிரிவதும், நிணநீர் கசிவதும், கால் வீங்கி நிற்பதுமான துன்பங்களை மற்ற நால்வரும் வீணே அனுபவிக்க நேருமே.

இதற்கு ஒரு வழி கண்டவர் ராமோன் கபானாஸ் என்னும் ரண சிகிச்சை நிபுணர். புற்று முதலில் சென்று சேரும் காவற் கணு ஒன்று உண்டு, அதை மட்டும் எடுத்துச் சோதிக்கலாம் என்று 1977-ல் அவர் எழுதினார். அவர் குறித்த இடத்திலேயே எல்லோருக்கும் அக்கணு அமையாததால், சிலரிடம் நோய் கண்ணில் படாமல் தப்பியது. 1994 முதல் ஆம்ஸ்டர்டாமில் அம்முறையைத் திருத்தினார்கள். புண்ணருகே சிறிதளவு கதிரியக்க டெக்னீஷியத்தையும் நீலச் சாயத்தையும் செலுத்தி, அவை சென்று தங்கும் கணுவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கண்டுபிடித்து எடுத்தார்கள். நிணநீர் இருபுறமும் ஓடக்கூடுமாதலால் இரண்டு தொடையிடுக்குகளையும் பார்த்தாக வேண்டும். புண் ஆழமின்றிச் சாதுவான வகையாயிருந்தால், கத்தி வைக்காமல் அடிக்கடி தடவிப் பார்த்து வருவதும் உண்டு.

முன்தோல் பின்னுக்கு வராமலிருப்பதும் புகைபிடிப்பதும் இந்நோய்க்கு இடந்தருவன என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

நம் குடியிருப்பு நண்பரின் ரகசியம் வேட்டியைத் துவைத்த மனைவிக்குத்தான் முதலில் தெரிந்தது. அவர் அழவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. மறுநாளே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார். ஒரு பக்கம் ஒரே கணுவில் புற்று இருந்தது. ரண சிகிச்சை நடந்தது. இப்போது ஒரு கால் சற்று வீங்கியிருக்கிறது. அழுத்தமான காலுறை மாட்டிக்கொண்டு காலை ஏழரை மணி லோக்கலில் வேலைக்குப் போகிறார். இதை எழுதச் சொன்னவரும் அவரே.