மகள் சாஃப்ட்பால் ஆடுகிறாளா?

தோழிகளே, "சாஃப்ட்பால் டீமில் சேர்ந்திருக்கேன்மா" என்று பிள்ளை வந்து சொன்னால், "அது என்னடி ஆட்டம்?" என்றுதான் நம்மில் பலர் கேட்போம். அணிக்கு ஒன்பது பேர். கையைத் தாழ்த்தி வீசும் பந்தை மட்டையால் அடித்து, நாலு மூலையையும் தொட்டுச் சுற்றி வந்தால் ஒரு ரன். பெயர்தான் சாஃப்ட், பந்து நல்ல கெட்டி. அதனால் மட்டை பிடிக்கும்போது ஹெல்மெட், பந்து பிடிக்கக் கையுறை தருகிறார்களா என்று பி.டி. டீச்சரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

வயசுக்கு வந்ததும் "ஆடினது போதும்" என்று நிறுத்திவிடுகிறோமே, அதுதான் பெரிய தப்பு. பள்ளிகளுக்கான தேசியப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று நடக்கின்றன. அவள் ஆட வேண்டிய காலமே அதுதான். மாதவிடாய் நாளிலும் உடம்புக்கு முடிந்தால் ஆடலாம், கெடுதல் இல்லை. பள்ளியில் வாரம் ஒன்று தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் போடட்டும், சாப்பிட்ட பிறகு. கூடவே டீ வேண்டாம். அண்ணனுக்கு வைக்கிற முட்டையை அவள் தட்டிலும் வையுங்கள்!

வெளியூர்ப் போட்டிக்குச் சம்மதக் கடிதம் கேட்பார்கள். கூட ஆசிரியை போகிறாரா, எங்கே தங்குவார்கள் என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். சான்றிதழ் வந்தால் ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்து, இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்க அந்தத் தாள் வேண்டும்.