சாவிக்கொத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

மானேஜரின் கணக்கில் நுழைந்தால் இன்டர்நெட் ஓடுகிறது. அதே கம்ப்யூட்டரில் குமாஸ்தாவின் கணக்கில் நுழைந்தால் நின்றுவிடுகிறது. பல அலுவலகங்கள் இதற்குக் கையாளும் அவசர வைத்தியம், குமாஸ்தாவுக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் தந்துவிடுவது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அவர் தெரியாமல் திறக்கும் வைரஸின் கைக்கும் அந்த அதிகாரம் போய்ச் சேரக்கூடும்.

ஒரு கணக்கில் இணைப்பு கிடைக்கிறது என்றால் வயர் மீதோ மோடம் மீதோ பழி போட முடியாது. முதலில் சந்தேகிக்க வேண்டியது பிராக்ஸி முகவரியை. விண்டோஸில் வழக்கமாக இது ஒவ்வொரு கணக்கிலும் தனித்தனியாகப் பதிவாகிறது. இரண்டு கணக்குகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அது சரியென்றால், கட்டுப்பாடுள்ள புதிய கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். அதில் இணைப்பு கிடைத்தால், கோளாறு பழைய கணக்கின் அமைப்புகளில்தான். அதிலும் கிடைக்காவிட்டால், பயர்வால் அல்லது பாதுகாப்பு சாஃப்ட்வேரின் விதிகளைப் பாருங்கள்.

ஐ.பி. முகவரியை மாற்றும் அனுமதி மட்டும் போதுமா? அதற்கும் வழி உண்டு. 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, 'நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ்' என்ற குழுவைக் கொண்டுவந்தது. விண்டோஸின் புரொஃபஷனல் பதிப்புகளில் அது இன்றும் இருக்கிறது. குமாஸ்தாவை அதில் சேர்த்தால் போதும். அவருக்கு நெட்வொர்க் அமைப்புகளில் கைவைக்க உரிமை கிடைக்கும். முழு அதிகாரம் மானேஜரிடமே இருக்கும்.