சரிவு நிலத்துக்கு வைக்கோற் போர்வை

மலைநாட்டில் பெருமழை ஓய்ந்த மறுநாட் காலை, அப்போதுதான் கொத்திய மரக்கறித் தோட்டமொன்றினுள் நடந்து செல்வோர் ஒரு சிறு புதுமையைக் காணலாம். கூழாங்கற்கள் சில, விரற்கடை உயரமான மண் தூண்களின்மேல் குடை விரித்தாற்போல் நிற்கும். கல் எழும்பவில்லை, அதனைச் சுற்றியிருந்த மண்ணே போய்விட்டது.

மண்ணைக் கொண்டுபோவது ஓடும் வெள்ளம் என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். அது பாதி உண்மை. முதலில் மண்ணைப் பெயர்ப்பது மழைத்துளி. 5 மில்லிமீற்றர் பருமனுள்ள துளி செக்கனுக்கு ஏறத்தாழ 9 மீற்றர் வேகத்தில் வந்து மோதுகிறது. வெற்று மண்ணாயின் கட்டிகள் உடைந்து துகள்கள் தெறிக்கின்றன. சரிவில் அவற்றுட் பெரும்பாலானவை கீழ்ப்புறமே விழும். நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிடுவதால், நீர் உள்ளே இறங்க வழியின்றி மேலே ஓடத் தொடங்குகிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலிசன் 1940களில் இத்துளித் தாக்கத்தின் வலிமையை விரிவாக எடுத்துக் காட்டினார்.

அப்படியாயின், துளி மண்ணைத் தொடாதவாறு தடுத்தாற் போதுமன்றோ? மண் கண்ணுக்குத் தெரியாதவாறு பரப்பிய வைக்கோல் செய்வது அதுவே. துளியின் மோதலைத் தான் ஏற்று, நீரை மெல்லக் கசியவிடுகிறது. ஓடும் நீரையும் சிறு சிறு அணைகளாய் மறித்து நிற்கிறது. நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள அனைத்துலக வெப்பமண்டல விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், 1970களில், ரத்தன் லால் என்னும் மண்ணியலறிஞர் 1 முதல் 15 சதவீதம் வரை சரிவுள்ள நிலங்களில் இதனைச் சோதித்தார். ஹெக்டேயருக்கு 4 முதல் 6 தொன் வைக்கோல் பரப்பிய இடங்களில் மண்ணிழப்பு மிக அற்பமாகக் குறைந்தது. 10 மீற்றர் நீளமும் அகலமும் உள்ள துண்டுக்கு 40 முதல் 60 கிலோ எனக் கணக்கிடலாம்.

இனி நமது வெலிமடைப் பக்கத்தைப் பார்ப்போம். பள்ளத்தாக்கில் நெல்வயல், மேலே சரிவில் உருளைக்கிழங்கும் கோவாவும். மேட்டுநிலத்தைக் கொத்தி வெறுமையாக வைத்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையிற்றான் இடிமழையும் கொட்டுகிறது. கழுவுண்ட மண், இட்ட உரத்தையும் உடன்கொண்டு, உமா ஓயா வழியே மகாவலியை அடைந்து, 1990இல் கட்டிமுடிக்கப்பட்ட ரந்தம்பை நீர்த்தேக்கத்திற் படிகிறது. மண்பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. சட்டப் புத்தகத்தை விரித்து மண்ணை மூட இயலாதே!

தேயிலைத் தோட்டங்களில் மானாப்புல்லையும் குவாத்தமாலாப் புல்லையும் வெட்டி இளங்கன்றுகளின் இடையே பரப்புவது நெடுநாள் வழக்கம். மரக்கறிச் செய்கையாளர் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. கிழங்குக்கு மண் அணைக்கும்போது வைக்கோல் இடைஞ்சல் தரும். ஈரத்தில் நத்தை பெருகும். சூடடித்த களத்திலிருந்து மேலே சுமக்கக் கூலி வேண்டும். மாடு வளர்ப்போருக்கும் அதே வைக்கோல் வேண்டும். எல்லாவற்றினும் பெரிது குத்தகை. ஒரு போகத்துக்கு மட்டும் நிலமெடுத்த கமக்காரர், அடுத்த ஆண்டு இன்னொருவர் கொத்தப்போகும் மண்ணுக்காக ஏன் வைக்கோல் சுமப்பார்? அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. நிலத்துக்கு உரியவர் குத்தகைப் பணத்திற் சிறிது விட்டுக்கொடுத்து, வைக்கோல் பரப்புமாறு கேட்பதே நியாயமெனத் தோன்றுகிறது.

மண் அணைத்து முடிந்தபின் சாலிடையில் மட்டும் பரப்பினாலும் பயனுண்டு. மிகச் செங்குத்தான இடங்களிலோ வைக்கோலே வழுகிப்போகும். அங்கே சரிவுக்குக் குறுக்காகச் சமவுயரக் கான்களும் வெட்டியாக வேண்டும்.

மாணவர்கள் இதனை வீட்டு முற்றத்திலேயே செய்து பார்க்கலாம். இரண்டு தகரத் தட்டங்களில் ஒரே வகை மண்ணை நிரப்பி, ஒரே அளவு சாய்த்து வைத்து, ஒன்றன்மேல் மட்டும் நாலைந்து பிடி வைக்கோல் பரப்புக. பூவாளியால் இரண்டுக்கும் சம அளவு நீர் தெளித்து, வழிந்துவரும் நீரைத் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளிற் பிடிக்க வேண்டும். குவளைகளை ஓரிரவு அசையாது வைத்து, அடியிற் படிந்த மண்ணைக் காலையில் அடிமட்டத்தால் அளந்து குறித்துக்கொள்க.