ஆற்றோரத் தோப்பில் விருந்தினர் குடில்கள்

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையில் சாரல் கட்டியதும் ஜனங்கள் திருக்குற்றாலத்துக்குத் திரண்டு வருவது தென்காசிச் சீமையார் அனைவரும் அறிந்ததே. அருவிக்கரை நெரிசலை விரும்பாதவர்கள் சிற்றாற்றின் கரையிலுள்ள தோப்புகளில் இரண்டொரு நாள் தங்க இடம் கேட்பதும் இயல்பே. குற்றால மலையில் உற்பத்தியாகி, தென்காசி வழியாக வீரகேரளம்புதூரைத் தொட்டுச் சென்று, சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கும் ஆறு இது. ஊற்றுமலை ஜமீன்தார்கள் அரண்மனை அமைத்து, காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த ஊருக்கு விருந்தோம்பல் புதிதன்று.

பட்டா நிலமுள்ள குடியானவர், தம் தோப்பில் இரண்டு மூன்று குடில்கள் அமைத்துக் குடும்பத்தாருடன் நடத்துவது தகுந்த உபதொழிலே. ஆனால் குடில் போடும் இடம் எது என்பதே முதற்கேள்வி. பட்டணத்திலிருந்து வருகிறவர் தண்ணீருக்கு மிக அருகிலுள்ள இடத்தையே கேட்பார். வாடகையும் கூடுதலாகத் தருவார். அவ்விடத்தைக் கொடுக்கலாகாது. படுகையில் வாழை வைக்கலாம். மனிதரை உறங்க வைக்கலாகாது.

காரணம் எளிது. மலைச்சரிவு செங்குத்து, ஆற்றின் ஓட்டமோ குறுகியது. உச்சியில் கனமழை பொழியும்போது கீழே கரை உலர்ந்தே கிடக்கும். பகலில் நீர் கலங்கிச் செந்நிறமாவதையும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதையும், இரைச்சல் மாறுவதையும் நாம் கண்டுகொள்வோம். உறங்குகிறவர் எதனைக் காண்பார்? 2024ஆம் வருஷம் மே மாதம் 17ஆம் தேதி, சாரல் காலம் தொடங்குமுன்பே, பழைய குற்றால அருவியில் பட்டப்பகலில் திடீர் வெள்ளம் இறங்கிற்று. குளித்துக்கொண்டிருந்தோர் ஓடித் தப்பினர். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு மாண்டான்.

இரவில் நேர்ந்தது இன்னும் கொடிது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் குவாடலூப் நதிக்கரையில், ஒரே குடும்பத்தார் தலைமுறையாக நடத்திவந்த பெண் குழந்தைகளின் கோடை முகாம் ஒன்று உண்டு. 2025 ஜூலை 4ஆம் தேதி விடியுமுன் அந்நதி சுமார் 45 நிமிஷத்தில் 26 அடி உயர்ந்தது. ஆற்றையொட்டிய குடில்களில் உறங்கிய சிறுமியரும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம்பெண்களுமாக 27 பேர் மாண்டனர். பழகிய ஆறு, பழகிய குடும்பம் என்பது மட்டும் காவலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகையால் குடில் கட்டுமுன் ஊர்ப் பெரியவர்களை அழைத்து, 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் எதுவரை ஏறிற்று என்று தோப்பிலேயே காட்டச் சொல்லுக. மரக்கிளைகளில் சிக்கிய குப்பையும் அடையாளம் கூறும். அதற்கு மேற்பட்ட மேட்டில், உயர்ந்த தளத்தின்மீது கட்டுக. ஒவ்வொரு குடிலிலிருந்தும் ஆற்றுக்கு எதிர்த்திசையில் மேடேறும் பாதை ஒன்று, விளக்குடன் இருத்தல் வேண்டும். சாரல் இரவுகளில் குடும்பத்தில் ஒருவர் விழித்திருக்கட்டும். மேலூரில் சம்பந்தி வீடு இருப்பின் அங்கிருந்து வரும் ஒரு டெலிபோன் செய்தி எந்த மதிற்சுவரினும் பெரிது. பெரிய விடுதிக்காரருக்கு இந்த ஸௌகரியம் ஏது?

கிராம நிர்வாக அலுவலர்கள் புலப்படத்தை வைத்து எல்லைக்கல்லை முன்னதாகவே காட்டிவிடுவது நலம். ஆற்றுப் புறம்போக்கில் குடிலின் ஒரு மூலை நுழைந்தாலும், 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நடவடிக்கைக்கு இடமுண்டு. பயிருக்கென அளிக்கப்பட்ட இலவச மின்சாரத்தைக் குடிலுக்கு இழுப்பதும் குற்றமே. அருவிநீரைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகளுக்கு எதிராக ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டதையும் நினைவிற் கொள்க. கழிவுநீர்த் தொட்டி கிணற்றுக்கு ஐம்பதடியேனும் அப்பாலிருக்கட்டும். கீழூரார் குடிப்பதும் இவ்வாற்று நீரையே.

இத்தாலி தேசத்தில் 1985ஆம் வருஷத்திலேயே இத்தொழிலுக்குச் சட்டம் செய்தனர். விருந்தினரை ஏற்பது பயிர்த்தொழிலுக்குத் துணையாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. நமக்கும் அது பொருந்தும். கார் நடவும், இளநீரும், வீட்டுச் சமையலுமே விருந்தினர் நாடி வருவன; வயல் தரிசானால் அவர் எதைக் காண வருவார்?

ஐப்பசி பிறந்ததும் குடில்களைப் பூட்டிவிடுக. வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகும் காலம் அது. பிசானப் பயிருக்கு ஆள் தேவைப்படும் காலமும் அதுவே.