பதினாலு கோரா, ஆறு கோரா?

"அண்ணே, ஜியோன் போட்டா பதினாலு கோர் வருமாம். புது ஐ5 எடுத்தா ஆறு கோர்தான். அப்ப ஜியோன்தானே நல்லம்?"

திருகோணமலையில் கம்பியூட்டர் பூட்டிக் கொடுக்கும் கடைகளில் கேட்கிற கேள்வி இது. கேட்பவர் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பையனாக இருக்கலாம். கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் மாணவியாக இருக்கலாம். கலியாண வீடியோ எடிட் செய்து குடும்பம் நடத்துபவராகவும் இருக்கலாம். மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆனால் மூவர் கையிலும் இருப்பது சிறுகச் சேர்த்த காசு. பிழையான சாமானில் அது முடங்கினால் மறுபடி சேர்க்க வருடக்கணக்காகும். அதனால்தான் இதை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

ஜியோன் என்பது சேர்வர்களுக்கும் வேர்க்ஸ்டேஷன்களுக்கும் என்று இன்டெல் 1998 முதல் விற்கும் புரொசசர் வரிசை. வங்கி, வைத்தியசாலை, பல்கலைக்கழகம், பெரிய இணையத் தளங்கள் ஆகியவற்றின் பின்னால் இரவு பகலாக ஓடுவது இந்த வகைதான். ஏஎம்டி 2017இல் கொண்டுவந்த எபிக் வரிசையும் அதே வேலைக்கானது. பெரிய டேட்டா சென்டர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை தங்கள் சேர்வர்களைக் கழற்றிவிட்டுப் புதியது போடும். கழற்றியவை மலையாகச் சீனச் சந்தைக்கு வந்து சேரும். அங்குள்ள சிறு நிறுவனங்கள் அவற்றுக்குப் பொருந்தும் மதர்போர்டுகளைத் தாங்களே செய்து, புரொசசர், ராம், போர்ட் மூன்றையும் ஒரே பொதியாக விற்கின்றன. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ இணையத்திலோ திருமலைக்காரர் கண்ணில் படும் "மலிவு ஜியோன்" பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

அந்த வரிசையில் அதிகம் பேசப்படுவது ஜியோன் இ5-2680 வி4. 2016இல் வந்தது. 14 கோர், 28 திரெட், 35 மெகாபைட் கேச், 120 வாட். இதற்கு எதிரே கடைக்காரர் வைப்பது 2022இல் வந்த கோர் ஐ5-12400எஃப். 6 கோர், 12 திரெட், 18 மெகாபைட் கேச், அடிப்படை 65 வாட். பட்டியலை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் வெல்ல வேண்டும். கேமில் அது தோற்கிறது, அதுவும் நன்றாகவே தோற்கிறது.

காரணத்தை விளங்கிக்கொள்ள, கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முந்திய நாட்களை நினைத்துப் பாருங்கள். 2009இல் பாலம் திறக்கும் வரை அக்கரைக்குப் போக வாகனங்களையும் சனத்தையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு 'பாதை' ஓடியது. ஒரு தடவையில் அது கொண்டுபோகும் சுமை பெரிது, வேகம் குறைவு. அவசரமாக ஒரே ஒரு ஆளைக் கொண்டுபோக வேண்டுமென்றால் எஞ்சின் பூட்டிய வள்ளம்தான் உதவும். சேர்வர் புரொசசர் பாதை. கேம் அந்த அவசர ஆள்.

ஒரு கேம் திரையில் நொடிக்கு 60 படம் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிசெகண்டுக்குள் தயாரிக்க வேண்டும். 144 படம் காட்டும் மொனிட்டர் வைத்திருந்தால் 7 மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரமே உண்டு. அந்த நேரத்துக்குள் நீங்கள் அழுத்திய விசையை வாசிக்க வேண்டும், பாத்திரங்கள் எங்கே நகர்ந்தன என்று கணக்கிட வேண்டும், எது எதில் மோதியது என்று பார்க்க வேண்டும், பிறகு எதை வரைய வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்ல வேண்டும். மோதியது எது என்று தெரியாமல் அடுத்த கணக்கைத் தொடங்க முடியாது. ஒன்று முடிந்தால்தான் மற்றது. இந்தத் தொடர் வேலையின் பெரும்பகுதி ஒரே ஒரு கோரின் தலையில் விழுகிறது. மற்றக் கோர்கள் ஒலி, பின்னணிக் கோப்பு வாசிப்பு என்று துணை வேலை பார்க்கும், அல்லது சும்மா நிற்கும்.

1967இல் ஜீன் அம்டால் என்ற கணினிப் பொறியியலாளர் முன்வைத்த விதி இதைத்தான் கணக்காகச் சொல்கிறது. ஒரு வேலையில் பாதி கட்டாயம் வரிசையாக நடக்க வேண்டியது என்றால், நீங்கள் எத்தனை ஆயிரம் கோர் வைத்தாலும் மொத்த வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது.

ஆகவே கேமுக்கு முக்கியம் தனிக் கோரின் வேகம். 2680 வி4 ஒரு கோரில் அதிகபட்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். எல்லாக் கோரும் உழைக்கும்போது 2.9க்கு இறங்கிவிடும். 12400எஃப் ஒரு கோரில் 4.4 தொடும். அதைவிடப் பெரிய விஷயம், 2016க்கும் 2022க்கும் இடையில் கோரின் உள்ளமைப்பே மாறிவிட்டது. ஒரே கிகாஹெர்ட்ஸில் ஓடவிட்டாலும் புதிய கோர் கூடுதல் வேலையை முடிக்கும். இரண்டும் சேர்ந்து, தனிக் கோர் வேகத்தில் புதியது பழையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான்கே கோர் கொண்ட ஐ3-12100எஃப்கூடப் பெரும்பாலான கேம்களில் இந்தப் பதினாலு கோரை முந்திவிடுகிறது.

இன்னொரு உண்மை கடையில் சொல்லப்படுவதில்லை. எல்லாக் கோர்களையும் முழுதாக உழைக்கவிடும் சோதனைகளிலும் இந்தப் பழைய 14 கோரும் புதிய 6 கோரும் கிட்டத்தட்டச் சமமாகவே நிற்கின்றன. அதாவது கோர் அதிகம் என்ற ஒரே பெருமையும் ஆறு வருட வளர்ச்சிக்குள் கரைந்துவிட்டது. வெவ்வேறு காலத்துப் புரொசசர்களின் கோர்களை எண்ணி ஒப்பிடுவதே பிழை. ஒரே காலத்தவற்றை ஒப்பிட்டால்தான் அந்த எண்ணிக்கைக்கு அர்த்தம் உண்டு.

கிகாஹெர்ட்ஸும் முழுக் கதை அல்ல. ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி 2022இல் வந்தபோது, அதன் வேகம் முந்திய 5800எக்ஸைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் கேச் 32இலிருந்து 96 மெகாபைட்டாக உயர்ந்திருந்தது. கேம்களில் அது தெளிவாக முன்னே போனது. தேவையான தரவு ராமுக்குப் போய் வராமல் பக்கத்திலேயே கிடைத்ததுதான் காரணம். அப்படியென்றால் ஜியோனின் 35 மெகாபைட்டும் உதவுமே என்று கேட்கலாம். ஓரளவு உதவும். ஆனால் பதினாலு கோருக்கும் பங்கிட்டு நீண்ட வழியில் சுற்றிவரும் அந்தக் கேச் மெதுவானது. தனிக் கோரின் பலவீனத்தை அதனால் ஈடுசெய்ய முடியாது.

இதையெல்லாம் வைத்து ஜியோன் மோசமான சாமான் என்று முடிவுகட்டுவது அநியாயம். அது வேறு வேலைக்குப் பிறந்தது. கட்டடக்கலை மாணவர் ஒருவர் வீட்டின் முப்பரிமாணப் படத்தைக் கொரோனா ரெண்டரரில் வரையவிடுகிறார் என்று வையுங்கள். அது கிராபிக்ஸ் கார்டைத் தொடாமல் புரொசசரில் மட்டுமே ஓடும் மென்பொருள். படத்தைச் சிறு சிறு கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கோருக்கும் கொடுக்கும், ஒரு கட்டம் மற்றதற்காகக் காத்திருக்காது. அங்கே எத்தனை கோர் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் வேலை உண்டு. மென்பொருள் தொகுத்தல், ஒரே நேரத்தில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டிப் பழகுதல், பெரிய தரவுத்தொகுதி அலசல் எல்லாம் இதே இனம். வலையமைப்புப் படிக்கும் வளாக மாணவர் ஒருவருக்கு மலிவு ஜியோன் நல்ல ஆய்வுகூடமாகவே இருக்கும்.

ராமிலும் சேர்வர் புரொசசருக்கு உண்மையான பலம் உண்டு. 2680 வி4 நான்கு வழியில் ராமுடன் பேசும், 12400எஃப் இரண்டு வழியில். 12400எஃப் 128 ஜிகாபைட்டோடு நிற்க, ஜியோன் அதைப் போலப் பல மடங்கு ஏற்கும். ராமில் ஒரு பிட் தானாகப் புரண்டால் அதைக் கண்டு திருத்தும் ஈசிசி வசதியும் உண்டு. நாட்கணக்கில் ஓடும் பொறியியல் கணிப்பில், ஒரு பிட் புரண்டு விடை பிழைத்தால் அதை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். கேமில் அதே பிழை நடந்தால் ஒரு புள்ளி நிறம் மாறும், அல்லது கேம் ஒருமுறை நின்றுபோகும். யாருக்கு ஈசிசி வேண்டும் என்பதை இந்த வித்தியாசமே சொல்லிவிடும்.

வீடியோ எடிட் செய்பவர்களின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள்தான் "வேர்க்ஸ்டேஷன்" என்ற சொல்லை நம்பி அதிகம் ஏமாறுகிறார்கள். இப்போதைய நல்ல கேமராக்கள் எச்.265 முறையில், 10 பிட், 4:2:2 என்ற வகையில் பதிவு செய்கின்றன. கோப்பு சிறிது, ஆனால் விரித்துப் பார்க்கப் பெரும் உழைப்பு வேண்டும். இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதல் புரொசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி இந்த வகையைத் தானாகவே விரித்துவிடும். என்விடியா கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முன் அந்த வசதி இல்லை. ஜியோன் இ5இலோ கிராபிக்ஸ் பகுதியே கிடையாது. ஆகவே பிரீமியர் போன்ற எடிட்டிங் மென்பொருளில் டைம்லைன் திக்கித் திணறாமல் ஓட வேண்டுமென்றால், பதினாலு கோர் ஜியோனைவிட ஒரு சாதாரண ஐ5-12400 கூடுதல் உதவி. 'எஃப்' எழுத்து இல்லாததையே கேட்டு வாங்குங்கள். அந்த எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள்.

சரி, இவையெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். திருமலைக்கென்று சில உண்டு.

முதலாவது வெக்கை. வைகாசி பிறந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் மத்தியானம் அறையே 35 பாகை. புரொசசரைக் குளிர்விக்கும் விசிறி இழுப்பது அந்தக் காற்றைத்தான். 120 வாட்டை மணிக்கணக்காக வெளியேற்றும் பெட்டி, ஏசி இல்லாத சிறு அறையில் இன்னொரு அடுப்பு. இரண்டு ஜியோன் பூட்டும் போர்டென்றால் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது கரண்ட் பில். பழைய ஜியோன் பெட்டி சராசரியாக 60 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் பாவித்தால் மாதம் ஏறக்குறைய 14 யூனிட் கூடும். இலங்கையில் வீட்டுப் பாவனைக்கு அடுக்கு முறைக் கட்டணம். கூடிய யூனிட்டுகள் எப்போதும் மேல் அடுக்கின் விலையிலேயே விழும், சில வேளை நிலையான கட்டணத்தையும் அடுத்த படிக்குத் தூக்கிவிடும். வாங்கும்போது மிச்சம் பிடித்த காசு மாதா மாதம் வெளியே போகும்.

மூன்றாவது கரண்ட் போவது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே ஒரேயடியாக நின்றது. அப்படி இல்லாத நாட்களிலும் மாரிகாலத்தில் மின் வெட்டு புதிதல்ல. கடையில் எல்லோரும் வாங்கும் 650 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். ஜியோனும் நல்லதொரு கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து முழு வேகத்தில் ஓடும்போது கரண்ட் போனால், கோப்பைச் சேமிக்க அவகாசம் தராமலே யுபிஎஸ் விழுந்துவிடலாம். பெரிய யுபிஎஸ்ஸின் விலையையும் ஜியோனின் விலையோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

இதனோடு உப்புக்காற்று. துறைமுகப் பக்கம், உப்புவெளி, நிலாவெளி என்று கடல் தொட்ட வீடுகளில் உலோக முனைகள் விரைவில் துருப்பிடிக்கும். ஏற்கெனவே எங்கோ வருடக்கணக்கில் ஓடிய சாமான், பெயர் தெரியாத மதர்போர்ட், அதன் மேல் இந்தக் காற்று. போர்ட் போனால் அதே சொக்கெட்டுக்கு மாற்று இங்கே கிடைப்பது அரிது. 260 கிலோமீற்றர் தள்ளிக் கொழும்பில் தேட வேண்டும், அல்லது சீனாவிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். 12400இன் போர்ட் என்றால் நாட்டுக்குள்ளேயே வரண்டியோடு கிடைக்கும்.

மென்பொருள் பக்கமும் கதவு மூடுகிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11இன் அங்கீகாரப் பட்டியலில் இந்த இ5 ஜியோன்கள் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம். ஆனால் வெலொரன்ட் கேம் விண்டோஸ் 11இல் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டையும் கேட்கிறது. பேட்டில்ஃபீல்ட் 6உம் அப்படியே. அந்தச் சீன போர்டுகள் பலவற்றில் டிபிஎம் 2.0 இல்லை. இன்னும் பழைய வி1, வி2 ஜியோன்களில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளே இல்லாததால் சில புதிய கேம்கள் திறக்கவே மறுக்கும். அவற்றை எந்த விலைக்கும் தொடாதீர்கள்.

நண்பர்களோடு விளையாட வீட்டிலேயே மைன்கிராஃப்ட் சேர்வர் வைக்க ஆசைப்பட்டு ஜியோன் தேடுபவர்களும் உண்டு. ஜாவாப் பதிப்பின் சேர்வர் நொடிக்கு 20 தடவை உலகைக் கணக்கிடுகிறது, அதில் பெரும்பகுதியைச் செய்வது ஒரே ஒரு திரெட். அங்கும் வேகமான கோர்தான் வேண்டும். இணைய விளையாட்டில் பிங் கூடுகிறது என்பதற்காகப் புரொசசர் மாற்றுவதும் வீண். நீங்கள் விளையாடும் சேர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். அந்தத் தூரத்தை எந்தப் புரொசசராலும் குறைக்க முடியாது.

ஆகவே பையனுக்கு என் பதில்: 12100எஃப், 12400எஃப் அல்லது ரைசன் 5 5600 எடுத்து, மிச்சக் காசைக் கிராபிக்ஸ் கார்டில் போடு தம்பி. கார்டுக்கு இப்போது காசில்லை என்றால் ரைசன் 5 5600ஜி எடு, உள்ளிருக்கும் கிராபிக்ஸிலேயே சிறு கேம்கள் ஓடும், கார்டைப் பிறகு பூட்டலாம். கலியாண வீடியோக்காரருக்கு எஃப் இல்லாத 12400, 32 ஜிகாபைட் ராம். வளாக மாணவி மெய்நிகர் கணினிகளோடு மல்லுக்கட்டுபவர் என்றால், விடுதியில் கரண்ட் செலவு அவர் தலையில் விழாது என்றால், வி4 ஜியோன் ஒன்றை யோசிக்கலாம். ரெண்டரிங் தொழிலாகவே ஆகிவிட்டவர் பழைய ஜியோனுக்குப் போகாமல் 16 கோர் ரைசன் 9 5950எக்ஸுக்குக் காசு சேர்ப்பது நல்லது. டெஸ்க்டொப் போர்டிலேயே அது பூட்டுப்படும், தனிக் கோரும் வேகமானது.

கடைக்குப் போகும்போது உங்கள் வேலைக் கோப்பையே பென்டிரைவில் கொண்டுபோங்கள். அங்குள்ள கம்பியூட்டரில் திறந்து ஓடவிட்டு, டாஸ்க் மானேஜரில் ஒவ்வொரு கோரின் கட்டத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். எல்லாக் கட்டமும் நிரம்பி நின்றால் கோர் எண்ணிக்கைக்குக் காசு கொடுங்கள். ஒன்றிரண்டு மட்டும் துள்ளி மற்றவை தூங்கினால், வேகமான ஆறு கோரே போதும்.