கடல் பார்க்கப் போகலாம் வாங்க! – குழுவாகச் சுற்றுலா போகத் திட்டமிடுவது எப்படி?



போன மாதம் நடந்த ஊராட்சி அளவிலான கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு ஆத்தா எழுந்து, “கடன் வாங்குனோம், கட்டுனோம், மாடு வாங்குனோம், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுனோம். ஆனா இந்த வயசு வரைக்கும் நான் கடலைக் கண்ணால பாத்ததில்லம்மா” என்றார். கூட்டம் ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. அப்புறம் கை தூக்கச் சொல்லிக் கேட்டோம். பாதிப் பேருக்கு மேல் கடல் பார்த்ததில்லை.

நம்ம திண்டுக்கல் பக்கமிருந்து கன்னியாகுமரி சுமார் 300 கிலோமீட்டர்தான். அதிகாலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் போய்விடலாம். தூரம் நமக்குத் தடை இல்லை. “பொம்பளைங்களுக்கு என்னாத்துக்கு டூரு?” என்ற பேச்சும், பணத்தை எப்படிச் சேர்ப்பது என்ற குழப்பமும்தான் தடை. அதனால்தான் இந்த இதழில் கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போவதைப் பற்றி விளக்கமாக எழுதுகிறோம்.

முதல் விஷயம்: பணம் எங்கிருந்து?

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவில் வங்கிக் கடன் வந்த வாரத்தில், “இதுல கொஞ்சம் எடுத்துப் போய்ட்டு வந்துருவோம், அப்புறம் போட்டுக்கலாம்” என்று கிளம்பினார்கள். போன இரண்டு நாளும் சந்தோஷம்தான். ஆனால் தொழிலுக்கு வந்த பணம் குறைந்தது. தவணை தள்ளிப்போனது. சுற்றுலா வராத மூன்று உறுப்பினர்கள், “நாங்க போகாத ஊருக்கு நாங்க எதுக்கு வட்டி கட்டணும்?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. நன்றாக நடந்த குழு ஒரு வருடம் கூட்டமே போடாமல் கிடந்தது.

ஆகவே சகோதரிகளே, வங்கிக் கடன், சுழல்நிதி, குழுவின் பொதுச் சேமிப்பு எதிலும் சுற்றுலாவுக்காகக் கை வைக்க வேண்டாம். வர விருப்பம் உள்ளவர்கள் மட்டும் தனியாகச் ‘சுற்றுலாச் சேமிப்பு’ போடுங்கள். அதற்குத் தனி நோட்டு, தனி வரவு செலவு. தீர்மானப் புத்தகத்தில் யார் யார் சேருகிறார்கள், வாரம் எவ்வளவு, நடுவில் விலகினால் பணம் எப்படித் திரும்பும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விலகுபவருக்கு அவர் போட்ட பணம் முழுசாகக் கிடைக்க வேண்டும். வாகன முன்பணம் கட்டிய பிறகு விலகினால், அவர் பங்கு முன்பணத்தை மட்டும் கழிக்கலாம். இதை முன்கூட்டியே பேசிவிட்டால் மனக்கசப்பு வராது.

எவ்வளவு ஆகும்? ஒரு மாதிரிக் கணக்கு

18 பேர், 2 நாள், ஒரு இரவு தங்கல் என்று வைத்துக்கொள்வோம்.

வேன் வாடகை, ஓட்டுநர் படி, சுங்கச்சாவடி, நிறுத்தக் கட்டணம் – 22,000 ரூபாய்
தங்கும் அறை (5 அறை, அறைக்கு 1,500) – 7,500 ரூபாய்
சாப்பாடு (ஒருவருக்கு நாளுக்கு 300) – 10,800 ரூபாய்
படகு, நுழைவுச் சீட்டு (ஒருவருக்கு 150) – 2,700 ரூபாய்
அவசரச் செலவு – 2,000 ரூபாய்
மொத்தம் – 45,000 ரூபாய்

ஒருவர் பங்கு 2,500 ரூபாய். வாரம் 60 ரூபாய் வீதம் 42 வாரம் போட்டால் 2,520 ரூபாய் சேர்ந்துவிடும். இப்போது ஆரம்பித்தால் பத்து மாதத்தில் கையில் பணம் இருக்கும், கடன் இருக்காது. இது மாதிரிக் கணக்குதான். வாடகையும் அறைக் கட்டணமும் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். குறைந்தது மூன்று இடத்திலாவது விசாரித்து உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்.

ரயிலில் போகலாம் என்றால் 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். 2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்தது, இப்போது 60 நாள். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம்.

எப்போது போவது?

பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிப்போக வேண்டும் என்றால் ஏப்ரல் கடைசி, மே மாதம்தான் தோது. ஆனால் மே முதல் வாரத்தில் கத்திரி வெயில் தொடங்கிவிடும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் கன்னியாகுமரிக் கடல் கொந்தளிப்பாக இருக்கும், படகை அடிக்கடி நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகள் வராத குழுக்களுக்கு தை, மாசி மாதமே நல்லது. வெயிலும் தாங்கும்.

சித்ரா பௌர்ணமி அன்று கன்னியாகுமரியில் மாலையில் ஒரு பக்கம் சூரியன் மறைவதையும் மறுபக்கம் நிலா எழுவதையும் பார்க்கலாம். அருமையான காட்சி. ஆனால் கூட்டம் நெரியும், அறை வாடகையும் ஏறும். வயசானவர்களும் கைக்குழந்தைகளும் இருந்தால் வேறு நாள் பாருங்கள்.

மீன் சாப்பிட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு செய்தி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்த 61 நாள் தடை. அப்போது மீன் வரத்து குறைந்து விலை கூடும்.

வண்டி விஷயத்தில் கண்டிப்பு

சரக்கு ஆட்டோ, மினி லாரி, டிராக்டர் – இதிலெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு போவது சட்டப்படி தவறு. கவிழ்ந்தால் உயிர் போகும், காப்பீடும் கிடைப்பது கஷ்டம். “வாடகை பாதிதானே” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆள் ஏற்ற அனுமதி உள்ள வேனா, காப்பீடு, தகுதிச் சான்று நடப்பில் உள்ளதா என்று நகல் வாங்கிப் பாருங்கள். எத்தனை இருக்கையோ அத்தனை பேர்தான். ராத்திரிப் பயணம் வேண்டாம். ஓட்டுநர் ராத்திரி தூங்கினால்தான் நாம் பகலில் பத்திரமாகப் போக முடியும். அவர் படுக்கவும் இடம் ஏற்பாடு செய்யுங்கள்.

இன்னொன்று. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடத்துக்கு 20 ரூபாய் பிரிமியத்தில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. 18 முதல் 70 வயது வரை சேரலாம். உங்கள் வங்கிக் கணக்கில் இது இருக்கிறதா என்று போவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு நாள் திட்டம்

முதல் நாள் அதிகாலை 4 மணிக்குப் புறப்பாடு. மதியத்துக்குள் அறைக்குப் போய்ச் சாப்பிட்டு ஓய்வு. வெயில் தாழ்ந்ததும் காந்தி மண்டபம், பகவதி அம்மன் கோயில், சூரிய அஸ்தமனம். 1948 பிப்ரவரி 12 அன்று காந்தியடிகளின் அஸ்தி இங்கே கடலில் கரைக்கப்பட்டது. அக்டோபர் 2 அன்று சூரிய ஒளி அஸ்தி வைத்திருந்த இடத்தில் விழும்படி மண்டபத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் காலை 6 மணியை ஒட்டிச் சூரிய உதயம். அதை முடித்துக்கொண்டு நேராகப் படகு வரிசைக்குப் போய்விடுங்கள். தாமதித்தால் வெயிலில் நிற்க வேண்டிவரும். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போகலாம். அந்த மண்டபம் 1970-ல் திறக்கப்பட்டது. பக்கத்துப் பாறையில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை, 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்டது. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. சிலை 95 அடி, மீதி அதிகாரங்களுக்காக. முன்பெல்லாம் கடல் வத்துற நேரத்தில் சிலைக்குப் படகு போகாது. 2024 டிசம்பர் 30-ல் இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். இப்போது நடந்தே போய்விடலாம்.

மதியம் சாப்பிட்டு 1 மணிக்குக் கிளம்பினால் ராத்திரி 8 மணி வாக்கில் வீடு. கூடுதலாக ஒரு நாள் இருந்தால் பத்மநாபபுரம் அரண்மனை, முட்டம் கடற்கரை பார்க்கலாம். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

கடலில் இறங்கும்போது…

சகோதரிகளே, இந்தப் பகுதியைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

நாம் கிணறும் கண்மாயும் பார்த்து வளர்ந்தவர்கள். நின்ற தண்ணீர் வேறு, கடல் வேறு. 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் அலை இழுத்து 5 மருத்துவ மாணவர்கள் இறந்துபோனார்கள். அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது.

கள்ளக்கடல் என்றால் என்ன? நமக்கு ரொம்ப தூரத்தில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசும் புயற்காற்றால் எழும் அலை பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் வெளுத்திருக்கும். திடீரென்று திருடன் மாதிரி அலை உள்ளே வரும். அதனால்தான் அந்தப் பெயர். ஏப்ரல், மே மாதங்களில்தான் இது அதிகம். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை தரும், செய்தியிலும் சொல்வார்கள். அந்த நாளில் கரையில் நின்று பார்ப்பதோடு சரி.

இன்னொரு ஆபத்து, உள்ளிழுப்பு. கரைக்கு வந்த தண்ணீர் ஒரு குறுகிய வழியாக வேகமாகத் திரும்பிப் போகும். அந்த இடத்தில் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும். “இங்கதான் அலை இல்ல, இங்க இறங்குவோம்” என்று நினைப்போம். அங்கேதான் இழுக்கும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்துப் போராடாதீர்கள். சக்தி போய்விடும். மிதந்துகொண்டே கையைத் தூக்கிக் கத்துங்கள். நீந்தத் தெரிந்தவர்கள் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வரலாம். மற்றவர்கள் கயிறு, காலிக் குடம், சேலை எதையாவது வீசி உதவுங்கள். நீச்சல் தெரியாமல் ஒருவர் பின் ஒருவர் குதிக்காதீர்கள்.

மறக்கக் கூடாதவை:

1. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் போக வேண்டாம். பாறை மேல் நின்று படம் எடுக்க வேண்டாம்.
2. நனைந்த சேலை கனக்கும், காலைச் சுற்றும். தண்ணீரில் நிற்க நினைப்பவர்கள் சுடிதார் எடுத்துவாருங்கள்.
3. இரண்டு இரண்டு பேராக ஜோடி சேருங்கள். ஜோடியை விட்டுப் பிரியக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு.
4. படகில் உயிர்காப்பு உடை தந்தால் கட்டாயம் போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள்.
5. கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியை மறக்க முடியுமா?
6. அவசர எண்கள்: ஆம்புலன்ஸ் 108, கடலோரப் பாதுகாப்பு 1093, பெண்கள் உதவி 181.

பையில் என்ன இருக்க வேண்டும்?

ஆதார் அட்டை (அறைக்குக் கேட்பார்கள்), சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை, மாதவிடாய் நாப்கின், துண்டு, குடை, தண்ணீர் பாட்டில். வெயிலில் மயக்கம் வந்தால் நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். நினைவு இருந்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கழிப்பறைக்காக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்வது உங்கள் உரிமை. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள்.

வீட்டில் என்ன சொல்வது?

மறைத்துப் போக வேண்டாம். தேதி, வண்டி எண், தங்கும் இடம், தலைவி, செயலாளர் கைப்பேசி எண் எல்லாம் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். “ரெண்டு நாள் மாட்டை யார் பாப்பா? சோறு யார் ஆக்குவா?” என்று கேட்பார்கள். நமக்கு உடம்பு சரியில்லாத நாளில் யார் பார்த்தார்களோ அவர்கள்தான் பார்க்கப் போகிறார்கள். சுற்றுலா வராத உறுப்பினர் ஒருவரிடம் கறவை மாட்டைப் பார்க்கச் சொல்லலாம். அடுத்த முறை நாம் அவருக்குப் பார்க்கலாம். கடனுக்கு ஒருவருக்கொருவர் கைகொடுக்கிற நாம் இதற்குக் கைகொடுக்க மாட்டோமா?

திரும்பி வந்த வாரமே வரவு செலவைக் கூட்டத்தில் படித்து, மீதிப் பணத்தைப் பங்கிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கணக்கு சுத்தமாக இருந்தால் அடுத்த வருடம் இன்னும் நாலு பேர் சேருவார்கள்.

அந்த ஆத்தா இருக்கும் குழுவில் சுற்றுலாச் சேமிப்பு நோட்டுப் போட்டாயிற்று. முதல் வாரத்து 60 ரூபாயை முதல் ஆளாகக் கட்டியவர் அவர்தான். உங்கள் குழுவிலும் வருகிற கூட்டத்தில் பேசுங்கள். போய்வந்த அனுபவத்தை நமக்கு எழுதி அனுப்புங்கள்.

பத்திரமாகப் போய், சந்தோஷமாகத் திரும்பி வர வாழ்த்துகிறோம்.